அப்புத்தளை எப்படிப்பட்ட ஊர்? பாட்டி பிறந்த இடத்தைப் பார்க்கப் போகிறேன்

பந்தலூர்ப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பாட்டி பிறந்து வளர்ந்தது இலங்கையில் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 1971இல் தாத்தாவோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் நீலகிரியில் பந்தலூரில் டான்டீ என்ற தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கொழுந்து பறித்த கை இங்கேயும் கொழுந்து பறித்தது. இப்போது எண்பத்திரண்டு வயது. படி இறங்க முடியாது, ஆனால் ஞாபகம் அப்படியே இருக்கிறது.

அப்புத்தளை என்றாலே இரண்டு விஷயம் சொல்வார். "டவுனுக்கு ரெண்டு பக்கமும் பள்ளம், நடுவுல கோச்சி போகும்" என்பது ஒன்று, கோச்சி என்றால் ரயில். "சேலையை ஒரு கையால பிடிச்சுக்கிட்டுத்தான் கடைக்குப் போகணும், அவ்வளவு காத்து" என்பது இன்னொன்று. பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் நான் சின்ன வயதிலிருந்து கேட்ட ஊர் இது, இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. இணையத்தில் தேடினால் லிப்டன் சீட் என்ற மலை உச்சியின் படம், விடுதி அறை வாடகை, அவ்வளவுதான் வருகிறது. ஊர் எப்படி இருக்கும், யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று யாரும் எழுதக் காணோம்.

மாசியில் போகலாம் என்று இருக்கிறேன், கையில் மூன்று நாள் இருக்கிறது. பாட்டி சொல்லும் தோட்டம் பிட்டரத்மலை. "பணியக்கணக்கு" என்கிறார், அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. பாட்டியின் அண்ணன் குடும்பம் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டது. 1983 வரை கடிதம் வந்தது, அதற்கப்புறம் இல்லை. தோட்டத்துக்குள் நாம் போகலாமா, போய் யாரைக் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உச்சிக்காற்று:

தம்பி, நான் பதினெட்டு வயது வரை அப்புத்தளையில் வளர்ந்தவன், இப்போது கொழும்பில் இருபது வருஷம். பாட்டி சொன்ன இரண்டும் அப்படியே உண்மை. அவர் சொன்னதை வைத்தே ஊரைச் சொல்லிவிடலாம்.

அப்புத்தளை ஒரு மலை முதுகில் உட்கார்ந்திருக்கிற ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீட்டர். வடக்கே பார்த்தால் ஊவா மாகாணத்தின் மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் மடிப்பு மடிப்பாக இறங்கிப் போகும். தெற்கே அப்படி இல்லை, நிலம் திடீரென்று விழும். தெளிவான காலையில் கடைகளுக்குப் பின்னால் நின்றால் கீழ்நாட்டுச் சமவெளியும் உடவளவை நீர்த்தேக்கமும் தெரியும், இன்னும் நல்ல நாளாக இருந்தால் தெற்குக் கடலோரம் வரைக்கும் கண் போகும். இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் கிடைத்த ஒடுக்கமான இடத்தில் ஒரு ரோடு, ஒரு ரயில் பாதை, இரண்டு வரிசைக் கடை, பஸ் நிலையம், கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. நகரசபை இருக்கிறது, ஆனாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிஷத்தில் நடந்துவிடலாம். ரயில் வரும் நேரம் கடவை மூடினால் ஊரே நின்று, அது போனபிறகுதான் நகரும்.

காற்றைப் பற்றிச் சொல்கிறேன், அதைச் சும்மா குளிர்காற்று என்று நினைத்துவிட வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக இந்தக் கணவாய்கள் வழியாக ஊவாவுக்குள் பாயும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தகரம் பறக்கிற மாதிரி அடிக்கும், லயத்துக் கூரைக்கு மேலே கல் வைப்போம், லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அந்தக் காய்ந்த காற்றில் தேயிலைச் செடி வாடி நிற்கும்போது பறிக்கிற கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலையின் அந்தத் தனி மணம் வருகிறது. அந்த மாதங்களில் கிடைக்கும் தூளுக்கு ஏலத்தில் நல்ல விலை. உங்கள் பாட்டியின் சேலையை இழுத்ததும் அதே காற்றுதான்.

அப்புறம், இந்த ஊர் யாருக்காக இருக்கிறது என்பதைக் கடைகளைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். கோதுமை மாவு மூட்டை, கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குத் துணி, பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை, கம்பளிச் சட்டை, அடகுக் கடை. சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தால்தான் வியாபாரம். சாதாரண நாளில் பதினொரு மணிக்குத் தெரு வெறிச்சென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போங்கள், அதுவும் சம்பளம் போடுகிற பத்தாம் திகதியை ஒட்டிய ஞாயிறு என்றால் நடக்க இடம் இருக்காது. ஊரில் படுத்து எழும்புகிறவர்கள் கொஞ்சப் பேர்தான், ஆனால் அதைத் தங்கள் டவுன் என்று சொல்கிறவர்கள் மலை முழுக்க இருக்கிறார்கள். அதனால்தான் வெறும் கடைத்தெருவை மட்டும் பார்த்துவிட்டு "சின்ன ஊர், ஒன்றுமில்லை" என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம்.

எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நாலு கிலோமீட்டர் ஏற்றம். பனி மூட்டத்தில் முன்னால் போகிற பிள்ளையின் புத்தகப்பை மட்டும்தான் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே நடப்போம். டவுனுக்கு ஏறி முதல் கடையின் விறகடுப்புப் புகை மூக்கில் பட்டால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்தக் கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் வாங்கித் தின்ன ஆசைப்பட்டு, காசு சேர்த்து, வாங்கிய நாள் இன்னும் நினைவிருக்கிறது.

மாசி நல்ல மாதம், மழை குறைவு, காலையில் வானம் தெளிவாக இருக்கும். வசதிப்பட்டால் தோட்டத்தில் மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தும் பார்க்கலாம்.

சுற்றும்கால்:

நான் போன வருஷம் போனேன். உண்மையைச் சொல்வதென்றால் அப்புத்தளையில் தங்க வேண்டாம் ப்ரோ. பக்கத்தில் எல்ல என்ற ஊரில் தங்குங்கள், அங்கே சாப்பாட்டுக் கடைகள், நல்ல அறைகள், ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு நாள் விடியற்காலையில் வண்டி பிடித்து லிப்டன் சீட் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். அப்புத்தளை டவுனில் இரவு எட்டு மணிக்கே எல்லாம் மூடிவிட்டார்கள், எனக்குச் சாப்பிட இடம் கிடைக்கவில்லை.

உச்சிக்காற்று:

சகோதரர் சொல்வது ஊர் சுற்ற வருகிறவர்களுக்குச் சரி. கடைகள் நேரத்தோடு மூடுவதும் உண்மை, காலை ஆறு மணிக்கெல்லாம் எழுந்து மலைக்குப் போகிற சனம், இரவில் யாருக்காகத் திறந்து வைப்பது? ஆனால் இந்தத் தம்பி படம் எடுக்க வரவில்லை. எல்லவில் தங்கினால் அவர் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது ஆட்கள் மலைக்குப் போயிருப்பார்கள், மாலையில் அவர்கள் லயத்துக்குத் திரும்பும் நேரம் இவர் ரயில் நிலையத்தில் நிற்பார். டவுனிலேயே வீட்டோடு சேர்ந்த சின்னத் தங்குமிடங்கள் இருக்கின்றன, சொன்னால் இரவுச் சாப்பாடு சமைத்துத் தருவார்கள்.

லிப்டன் சீட்டையும் விட வேண்டியதில்லை. டவுனிலிருந்து தம்பேதன்னைக்குக் காலையிலேயே பஸ் இருக்கிறது, தோட்டத்து ஆட்களும் ஆசிரியர்களும் போகிற பஸ். தாமஸ் லிப்டன் 1890இல் இலங்கைக்கு வந்து வாங்கிய தோட்டம் அது, அவர் கட்டிய தொழிற்சாலை இன்னும் அங்கே நிற்கிறது. அங்கிருந்து உச்சிக்கு ஏழு கிலோமீட்டர் போல ஏற்றம். எல்லோரும் ஓட்டோவில் ஏறிப் போகிறார்கள், நீங்கள் நடந்து போங்கள். லயங்கள், தோட்டப் பள்ளிக்கூடம், கோயில், கொழுந்து நிறுக்கும் இடம் எல்லாம் அந்த வழியில்தான் வரும். உச்சியில் ஒன்பது மணிக்கு மேல் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும், ஆகவே விடியும்போதே புறப்பட வேண்டும்.

அகலப்பாதை:

ரயிலைப் பற்றி நான் சொல்கிறேன். பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், அவர் ஊரை விட்டுப் போனதும் அநேகமாக இந்தப் பாதையில்தான் இருக்கும்.

கொழும்பிலிருந்து வரும் மலையகப் பாதை 1885இல் நானுஓயா வரை வந்தது, 1894இல் பண்டாரவளை வரை போட்டார்கள், பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல்தான். அப்புத்தளைக்கு மேலே பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் நடுவில் 6,226 அடியில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், இலங்கை ரயில் பாதையில் அதுதான் ஆக உயரமான இடம். இவ்வளவு உயரத்துக்கு நீலகிரியில் போல சின்னத் தண்டவாளம் போடவில்லை, ஐந்தரை அடி அகலப் பாதையையே வளைத்து வளைத்து ஏற்றியிருக்கிறார்கள். பாதை போட்டதே தேயிலைப் பெட்டியைத் துறைமுகத்துக்கு இறக்கவும் அரிசியையும் ஆட்களையும் மேலே ஏற்றவும்தான். அதற்கு முன்னால் கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த சனம் மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே நடந்தே வந்தார்கள், வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர்.

பகல் ரயிலில் வாருங்கள், பொடி மெனிக்கே, உடரட்ட மெனிக்கே இரண்டும் இந்தப் பாதையில்தான் ஓடுகின்றன. முன்பதிவு சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுங்கள், தோட்டத்துச் சனம் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கும், பேச்சுக்குப் பேச்சும் ஆச்சு. ஒஹிய தாண்டியதும் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். அப்புத்தளைக்கு முந்தின நிலையம் இதல்கஸ்ஹின்ன, அங்கே நிலையத்துக்கு இரண்டு பக்கமும் நிலம் கீழே போகிறது, பாட்டி சொன்ன "நடுவுல கோச்சி" அங்கிருந்தே ஆரம்பித்துவிடும். அப்புத்தளையைத் தாண்டினால் தியத்தலாவை, தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை 1900இல் கப்பலில் கொண்டுவந்து அடைத்து வைத்த இடம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அடை மழை பெய்தால் இந்தப் பாதையில் மண் சரியும், ரயிலைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். புறப்படும் முன் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு வாருங்கள். ஓடாவிட்டால் இரத்தினபுரி, பலாங்கொடை, பெரகலை வழியாக பஸ் இருக்கிறது. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் அந்தக் கடைசி ஆறு கிலோமீட்டரும் பார்க்க வேண்டியதுதான்.

லயத்துப்பிள்ளை:

மகன், நான் தோட்டப் பாடசாலையில் முப்பது வருஷம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உங்கள் உண்மையான கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்று படுகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பணியக்கணக்கு. தோட்டத்தில் ஒவ்வொரு பிரிவையும் கணக்கு என்று சொல்வோம். மேலே இருப்பது மேக்கணக்கு, கீழே இருப்பது பணியக்கணக்கு. பணிய என்றால் கீழே. ஆகவே பாட்டி இருந்தது தோட்டத்தின் கீழ்ப்பிரிவு. இதைத் தெரிந்துகொண்டு போனால் உங்களுக்குப் பாதி வேலை குறையும், ஏனென்றால் ஒரு தோட்டம் என்பது பல மலைகள், "பிட்டரத்மலை" என்று மட்டும் சொன்னால் ஓட்டோக்காரத் தம்பி உங்களைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். தோட்டங்களுக்கும் பிரிவுகளுக்கும் ஏட்டில் ஒரு பெயரும் சனத்தின் வாயில் இன்னொரு பெயரும் இருக்கும். பாட்டியிடம் கங்காணி பெயர், கோயில் எந்த சாமி, லயத்துக்குப் பக்கத்தில் ஆறா, தண்ணி பிடிக்கிற பீலியா, எதைப் பார்த்த மாதிரி வாசல் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பது வருஷம் கழித்தும் ஆட்கள் அடையாளம் சொல்வது இவற்றை வைத்துத்தான்.

தோட்டத்துக்குள் போகலாமா என்று கேட்டீர்கள். பொது ரோட்டில் போக யாரையும் கேட்க வேண்டியதில்லை. லயத்துக்குப் போவதென்றால் அது சனம் குடியிருக்கும் இடம், கமராவைத் தூக்கிக்கொண்டு நேராக வாசலுக்குப் போக வேண்டாம். கோயிலுக்குப் போய் உட்காருங்கள், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், "என் பாட்டி இங்கே பிறந்தவர்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும், தேத்தண்ணி வரும், அரை மணி நேரத்தில் ஆக வயதான ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். மலையில் வேலை செய்கிற பெண்களை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு நாளைக்கு இத்தனை கிலோ என்று கணக்கிருக்கிறது, நின்ற நேரத்துக்கு யாரும் கூலி தரமாட்டார்கள்.

இப்போது பாட்டியின் அண்ணன். 1964 ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்பது, மூன்று லட்சம் பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று எழுதினார்கள். மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். எண்ணிக்கையைத்தான் பிரித்தார்கள், அந்த எண்ணிக்கைக்குள் ஒரே அடுப்பில் தின்ற அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். எங்கள் வீட்டிலும் சின்னம்மா குடும்பம் கோத்தகிரிக்குப் போனது. அப்புத்தளை நிலையத்தில் அன்று நான் ஒன்பது வயதுப் பிள்ளை. கோச்சி நகர்ந்த பிறகும் கிழவிகள் பிளாட்போரத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தது இன்னும் என் காதில் கேட்கிறது.

1983இல் கடிதம் நின்றது என்றால் இரண்டு விதமாக இருக்கலாம். தமிழருக்கு எதிரான அந்த ஜூலைக் கலவரத்துக்குப் பயந்து எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டன, சில 1977 கலவரத்திலேயே போனவை. அப்படிப் போயிருந்தால் பிட்டரத்மலையில் ஆட்கள் இருக்க மாட்டார்கள், ஆனால் எங்கே போனார்கள் என்று தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். அல்லது அங்கேயே இருந்து, எழுதத் தெரிந்தவர் காலமாகியிருக்கலாம். தோட்டங்களை 1970களில் அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் திரும்பக் கம்பெனிகளிடம் போனது, ஆகவே ஆட்களின் பெயர் எழுதிய பழைய செக்ரோல் புத்தகம் தோட்டத்து அலுவலகத்தில் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். பிறப்புப் பதிவுதான் கை கொடுக்கும். அண்ணனின் முழுப் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர் இருந்தால் பிரதேச செயலகத்தில் தேடித் தரச் சொல்லலாம். பாட்டி கொண்டுவந்த பழைய இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வீட்டில் இருந்தால் பிரதி எடுத்து வாருங்கள், தோட்டத்தின் பெயர் அதில் இருக்கலாம்.

இன்னொன்று. பணியக்கணக்கு லயம் அதே இடத்தில் இருக்கும் என்று பாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தையில் மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, இந்தத் தெற்குச் சரிவில் ஆபத்தான இடம் என்று குறித்த லயங்கள் பல. மழை பலத்தால் பாடசாலைக்கும் கோயிலுக்கும் சனம் ஓடுவது இப்போதும் நடக்கிறது. சில இடங்களில் ஏழு பேர்ச்சஸ் அளவுள்ள சின்னக் காணியில் தனி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் கொஞ்சம் கட்டினார்கள். மற்றவர்கள் அதே பத்தடி அறையில்தான். பிள்ளைகள் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்கும் தையல் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள், லயத்தில் கிழடுகளும் பேரப்பிள்ளைகளும் இருப்போம்.

பந்தலூர்ப் பேரன்:

டீச்சர், உச்சிக்காற்று அண்ணா, ரயில் பற்றி எழுதிய அண்ணா, உங்கள் மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு இங்கே வந்த பதில்களை எல்லாம் பாட்டிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கூரைமேல் கல் வைப்பதைப் படித்ததும் "ஆமா ஆமா, ஒங்க தாத்தா ஏறி வைப்பாரு" என்றார். நிலையத்து ஒப்பாரியைப் படிக்கும்போது எதுவும் சொல்லவில்லை, படித்து முடிக்கிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கேட்கச் சொன்னவற்றைக் கேட்டேன். கோயில் மாரியம்மன் கோயில், முன்னால் ஒரு பெரிய கல்லும் அரச மரமும். லயத்துக்கு மேல் பக்கம் பீலி. வாசலில் நின்றால் காலை வெயில் முகத்தில் விழும், தூரத்தில் கீழ்நாடு தெரியும். கங்காணியின் பெயர் ஞாபகம் இல்லை, அவரை எல்லோரும் "வெத்திலைக் கங்காணி" என்றுதான் கூப்பிடுவார்களாம். கடவுச்சீட்டு தகரப் பெட்டியில் இருக்கிறது, அம்மா தேடி எடுக்கிறேன் என்றார்.

பாட்டி ஒன்று கேட்கச் சொன்னார்: டவுனுக்குப் பக்கத்தில் கல்லால் கட்டிய ஒரு பெரிய துரை பங்களா இருந்ததே, அது இன்னும் இருக்கிறதா?

உச்சிக்காற்று:

இருக்கிறது தம்பி, அதுதான் அதிசாம். டவுனுக்கு மேற்கே மூன்று கிலோமீட்டர். வில்லியர்ஸ் துரை 1931இல் இங்கிலாந்தில் தான் பிறந்த ஊரின் பெயரை வைத்துக் கட்டியது. பாட்டி காலத்திலேயே அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாகிவிட்டது, இன்றும் அவர்கள்தான் இருக்கிறார்கள். சனி, ஞாயிறு, பௌர்ணமிப் போயா நாட்களில் உள்ளே விடுவார்கள். மடத்தில் செய்கிற ஜாம் விற்பார்கள், கொய்யா ஜெலி ஒரு போத்தல் பாட்டிக்கு வாங்கிக்கொண்டு போங்கள். அதற்குப் பின்னாலிருக்கும் காடு தங்கமலை, பறவைகளுக்காக ஒதுக்கியது.

சனிக்கிழமை வந்து இறங்கி அதிசாம் பாருங்கள். ஞாயிறு காலை தோட்டத்துக்குப் போங்கள், அன்றைக்குத்தான் ஆட்கள் லயத்தில் இருப்பார்கள். லிப்டன் சீட் திங்கள். எந்த வாரம் என்று முடிவு செய்தால் சொல்லுங்கள், அங்கே ஓட்டோ ஓட்டுகிற என் மைத்துனரிடம் சொல்லி வைக்கிறேன், அவருக்கு எல்லாக் கணக்கும் தெரியும்.

லயத்துப்பிள்ளை:

வெத்திலைக் கங்காணி என்று ஒருவரைப் பற்றி என் மாமியார் பேசிக் கேட்டிருக்கிறேன், அதே ஆளா என்று நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். மாமியாருடைய தங்கை ஒருவர் இன்னும் பிட்டரத்மலைப் பக்கம் இருக்கிறார், வரும் ஞாயிறு போய்க் கேட்கிறேன். அண்ணனின் பெயரையும் தகப்பன் பெயரையும் இங்கே பொதுவில் போடாமல் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள் மகன்.

பந்தலூர்ப் பேரன்:

அனுப்பிவிட்டேன் டீச்சர். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து சொன்னார், அண்ணனுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு, அதையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.